பினகாசின் மனைவி கேட்ட செய்தி

2025 ஜனவரி முதல் வாரம். ஆலயத்தில் குடில் இன்னும் கலைக்கப்படவில்லை. மூன்று ஞானிகளும் ஒட்டகங்களோடு அங்கேயே நின்றுகொண்டிருந்தனர். அன்று தொலைக்காட்சிகளில் மீண்டும் அந்தச் சிவப்புப் பட்டை ஓடத் தொடங்கியது. எச்.எம்.பி.வி. என்னும் கிருமி, சென்னையில் ஒருவர், சேலத்தில் ஒருவர். மருத்துவ உலகம் 2001-ஆம் ஆண்டு முதலே அறிந்து வைத்திருக்கிற, பெரும்பாலோரைச் சளியோடும் இருமலோடும் விட்டுவிடுகிற கிருமிதான் அது. ஆயினும் முழக்கம் என்னவோ உலகமுடிவுக்கு உரியதாக இருந்தது. இரவு பத்து மணிக்கு மந்தைவெளிப்பாக்கத்திலிருந்து ஒரு தாய் நம்மைத் தொலைபேசியில் அழைத்தார். மருமகளுக்கு ஐந்தாம் மாதம். "ஃபாதர், மறுபடியும் அதுவா?" என்று மட்டும் கேட்டார்.

எது? நோயைத்தான் கேட்கிறார் என்று முதலில் எண்ணினோம். பேசப் பேசத்தான் புரிந்தது. அவர் அஞ்சியது கிருமியை மட்டுமன்று. 2020-இலும் 2021-இலும் தம் வீட்டுக் கூடத்தில் இரவும் பகலும் அலறிய அந்தப் பெட்டியை. நள்ளிரவில் தலையணைக்கு அடியில் சிணுங்கிய அந்தக் கைப்பேசியை. தம் மூத்த மகள் பிள்ளை சுமந்த நாள்களை அவர் மறக்கவில்லை.

நாம் மறந்துவிட்டோம். கொள்ளைநோய்க் காலத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அரிசி கொடுத்ததையும், இணையவழித் திருப்பலி நடத்தியதையும், மாண்டோரை அடக்கம் செய்ததையும் பெருமையோடு எண்ணிப் பார்க்கிறோம். அவை நல்ல பணிகளே. ஆனால் அந்நாள்களில் கருவுற்றிருந்த பெண்களை வீட்டுக்குள் வைத்துப் பூட்டி, அவர்களோடு மரணக் கணக்கையும் சேர்த்துப் பூட்டியவர்கள் யார் என்று ஒருவரும் கேட்பதில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் தலைவர் 2020 பிப்ரவரி 15 அன்று மியூனிக் நகரில் பேசுகையில், நோயோடு கூடவே தகவல் தொற்று ஒன்றும் பரவுகிறது என்று எச்சரித்தார். அடுத்த மாதமே அந்நிறுவனம், அச்சமூட்டும் செய்திகளைக் குறைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு ஓரிரு முறை, குறித்த வேளையில், நம்பத்தக்க இடத்திலிருந்து மட்டும் அறிந்துகொள்ளுங்கள் என்று அறிவுரை வழங்கியது. கை கழுவச் சொன்னதைக் கேட்டோம். இதைக் கேட்கவில்லை.

2020 ஜூன் மாத நடுவில் மந்தைவெளி மார்க்கெட்டை ஒட்டிய ஒரு தெருவில் ஒரு வீட்டு வாசலில் நின்றோம். தலைப்பிரசவத்துக்காகத் தாய்வீடு வந்திருந்த பெண், எட்டாம் மாதம். வளைகாப்பை நான்கு பேரோடு முடித்திருந்தார்கள். நாம் முகக்கவசத்தோடு படியிலேயே நின்றோம். அவள் உள்ளே நாற்காலியில் இருந்தாள். இருவருக்கும் நடுவே சுவரில் தொலைக்காட்சி. மாலையில் வரும் சுகாதாரத்துறை அறிக்கைக்காகக் குடும்பமே காத்திருந்தது; செபமாலையைக்கூட அதற்கு வழிவிட்டு ஒரு மணி நேரம் தள்ளி வைத்திருந்தார்கள். அந்தப் பெண் மண்டலவாரியாகக் கணக்குச் சொன்னாள். ராயபுரம் முதலிடம், தேனாம்பேட்டை, அதாவது நம் பகுதி, எத்தனை, நேற்று எத்தனை, இன்று எத்தனை. இத்தாலியில் இறந்தோர் தொகை அவளுடைய தந்தைக்குத் தெரிந்திருந்தது. பிரேசில் நாட்டுத் தொகை தம்பிக்குத் தெரிந்திருந்தது. பத்து நாள்களாக அவள் இரவில் உறங்கவில்லை என்று தாய் சொன்னார்.

விடைபெறும்போது அவள் கேட்டாள்: "ஃபாதர், எனக்கு வந்துவிட்டால் குழந்தையை என்னிடம் தருவார்களா, எடுத்துக்கொண்டு போய்விடுவார்களா?"

அந்த வீட்டில் ஒருவருக்கும் விடை தெரியவில்லை. நமக்கும் தெரியவில்லை. உலக வரைபடம் முழுவதையும் சாவு எண்ணிக்கையால் நிரப்பத் தெரிந்திருந்த நமக்கு, ஒரு தாய்க்குத் தேவைப்பட்ட ஒரே ஒரு செய்தி தெரியவில்லை.

அன்றிரவு, செவிலியராக நெடுங்காலம் பணிபுரிந்த அருள்சகோதரி ஒருவரை அவளோடு தொலைபேசியில் பேசச் செய்தோம். பத்து நிமிடம் பேசியிருப்பார். நோய் வந்தாலும் தாய் முகக்கவசம் அணிந்து, கைகளைக் கழுவிக்கொண்டு பால் கொடுக்கலாம். உலகச் சுகாதார நிறுவனமும் அதையே சொல்கிறது. நீ பிரசவத்துக்குப் போகும் மருத்துவமனையின் வழக்கம் என்னவென்று நாளையே கேட்டு வைத்துக்கொள். வலி கண்டால் இன்னாரை அழை. அவ்வளவுதான். அவள் அன்று உறங்கினாள் என்று மறுநாள் தாய் சொன்னார். தொலைக்காட்சியும் அன்று ஓடியிருக்காது என்று நம்புகிறோம், கேட்டறியவில்லை.

"மனத்தைத் திடப்படுத்திக்கொள்ள வேண்டியது அவள் பொறுப்பு, செய்தி சொல்வது எங்கள் கடமை" என்று வாதிடுவோர் உண்டு. விழிப்புணர்வு என்னும் சொல் அவர்களுக்குக் கேடயம். அந்தச் சொல்லைச் சற்றே உரசிப் பார்ப்போம். 2013 ஏப்ரல் 15 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஓட்டப் பந்தயத்தின்போது குண்டு வெடித்தது. அதன் பின்னர் அந்நாட்டு உளவியலாளர்கள் ஆராய்ந்தபோது ஒரு வியப்பான உண்மை வெளிப்பட்டது. அடுத்து வந்த வாரத்தில் நாளொன்றுக்கு ஆறு மணி நேரமும் அதற்கு மேலும் அச்செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், குண்டு வெடித்த இடத்தில் இருந்தவர்களைக் காட்டிலும் மிகுதியான மனநெருக்கடிக்கு ஆளாகியிருந்தார்கள். நிகழ்ச்சி ஒருமுறைதான் நிகழ்கிறது. திரையிலோ அது நாளெல்லாம் நிகழ்ந்துகொண்டே இருக்கிறது. நம் நாட்டிலும் பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் 2020-இல் 118 மகப்பேறு மருத்துவர்களிடம் கேட்டறிந்தார்கள். கருவுற்ற பெண்களின் கவலைகளில் மருத்துவமனைக்குச் செல்வது எப்படி என்பதே முதலாவது. தற்காப்பும் குழந்தையின் நலனும் அடுத்தவை. ஆனால் சமூக ஊடகச் செய்திகளால் வந்த அச்சத்தையும் ஏறத்தாழ 40 விழுக்காட்டு மருத்துவர்கள் தனியே குறிப்பிட்டார்கள். நோய் தந்த அச்சம் வேறு. நாம் கையால் அனுப்பிய அச்சம் வேறு.

தாயின் நெஞ்சு நெடுநாள் பதறினால் அவள் குருதியில் கார்ட்டிசால் என்னும் சுரப்பு மிகுகிறது. அதில் பெரும்பகுதி குழந்தையைச் சென்றடையாதபடி நஞ்சுக்கொடி தடுக்கிறது. இறைவன் வைத்த காவல் அது. ஆனால் இடைவிடாத கடும் மனநெருக்கடியில் அக்காவலும் தளரக்கூடும் என்கிறார்கள். குறைமாதப் பிரசவத்துக்கும் எடைகுறைந்த குழந்தைக்கும் இதனோடு தொடர்பு காணப்பட்டிருக்கிறது. தொடர்பு என்றுதான் சொல்கிறோம். இதைப் படிக்கும் கருவுற்ற சகோதரி எவரும், நேற்று அழுதோமே என்று இன்று அஞ்ச வேண்டாம். ஒரு நாள் அழுகை குழந்தையை ஒன்றும் செய்துவிடாது. இந்தப் பத்தி உங்களுக்காக எழுதப்பட்டதன்று; உங்கள் வீட்டுக் கூடத்தில் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருப்பவருக்காக எழுதப்பட்டது.

அந்நாள்களில் நடந்த ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். செய்தித்தாளில் கிருமி ஒட்டியிருக்கிறது என்று 2020 மார்ச் மாதத்தில் ஒரு வதந்தி எழுந்தது. நம் பகுதியில் எத்தனையோ வீடுகள் பேப்பரை நிறுத்தின. மிதிவண்டியில் பேப்பர் போடும் சிறுவன் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டான். செய்தித்தாளுக்கு ஒரு கடைசிப் பக்கம் உண்டு. காலையில் ஒரு முறை வரும். படித்து முடித்தால் மடித்து வைத்துவிடலாம். மறுநாள் வரை அது பேசாது. முடிவுடைய அந்தச் செய்தியைத் துரத்திவிட்டு, முடிவே இல்லாத செய்தியை நடுவீட்டில் அமர்த்தினோம். கடைசிப் பக்கம் இல்லாத ஒன்றைக் கருவுற்றவள் எப்போது மடித்து வைப்பாள்?

அபிமன்யுவின் கதையை மயிலாப்பூர் வட்டாரத்தில் அறியாதவர் இல்லை. தாயின் வயிற்றில் இருந்தபடியே சக்கரவியூகத்துக்குள் நுழையும் வழியைக் கேட்டான்; வெளியேறும் வழியைக் கேட்கவில்லை. நம் தொலைக்காட்சிகள் சொன்னதும் இந்தப் பாதிச் செய்திதான். நோய் எப்படி நுழையும் என்பதை நாளெல்லாம் சொன்னார்கள். எத்தனை பேர் நலமாக வெளியேறினார்கள், எத்தனை தாய்மார் நோயோடு மருத்துவமனை சென்று குழந்தையோடு வீடு திரும்பினார்கள் என்பதை அந்த அளவுக்குச் சொன்னார்களா? இரண்டாம் வத்திக்கான் சங்கம் மக்கள் தொடர்புச் சாதனங்களைப் பற்றி 1963 டிசம்பர் 4 அன்று வெளியிட்ட ஏட்டில், தகவல் அறிவது மனிதரின் உரிமை என்று ஏற்றுக்கொண்டது. அதே மூச்சில், சொல்லப்படுவது உண்மையாக இருக்க வேண்டும், நீதிக்கும் அன்புக்கும் உட்பட்டு முழுமையாக இருக்க வேண்டும் என்றும் வரையறுத்தது. கேட்பவருக்கும் பார்ப்பவருக்கும் கடமை உண்டு என்றும் சொல்லி வைத்தது. பாதி உண்மையும் ஒரு பொய்யே என்பதைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2018-ஆம் ஆண்டுச் சமூகத் தொடர்பு நாள் செய்தியில் இன்னும் தெளிவாக்கினார். ஏதேன் தோட்டத்துப் பாம்பையே முதல் பொய்ச்செய்தியாளனாக அவர் காட்டினார்.

பாதிச் செய்தி என்ன செய்யும் என்பதைச் சென்னை தன் கண்ணால் கண்டது. 2020 ஏப்ரல் 19 இரவு, நோயால் இறந்த நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிசின் உடலை அடக்கம் செய்யவிடாமல் ஒரு கூட்டம் தடுத்தது. ஆம்புலன்சைக் கல்லாலும் கட்டையாலும் தாக்கியது. புதைத்த உடலிலிருந்து நோய் பரவும் என்று யாரோ சொல்லக் கேட்டவர்கள் அவர்கள். இறுதியில் உடன் பணியாற்றிய மருத்துவர் ஒருவரே மண்வெட்டி பிடித்து வேலங்காட்டில் அடக்கம் செய்தார். அந்தக் காட்சி கைப்பேசி கைப்பேசியாகச் சுற்றியது. மருத்துவருக்கே ஆறடி மண் மறுக்கப்படும் நகரில் தான் எந்த நம்பிக்கையில் பிரசவத்துக்குப் போவது என்று ஒரு கர்ப்பிணி கேட்டிருந்தால், அதை மனப்பலவீனம் என்றா சொல்வீர்கள்? மறு ஆண்டு ஏப்ரலில் நடிகர் விவேக் தடுப்பூசி போட்டுக்கொண்ட இரண்டாம் நாள் மாரடைப்பால் இறந்தார். ஊசிக்கும் இறப்புக்கும் தொடர்பில்லை என்று மருத்துவர்கள் சொன்னார்கள். அச்சம் அதைக் கேட்கக் காத்திருக்கவில்லை. கருவுற்றோரும் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம் என்று நடுவண் சுகாதார அமைச்சகம் 2021 ஜூலை 2 அன்று அறிவித்தது. ஊசி போட்டால் கரு தங்காது என்ற பொய்யை மூன்று முறை சுமந்து வந்த நம் பங்கின் வாட்ஸ்அப் குழு, இந்த அறிவிப்பை ஒரு முறைகூடச் சுமக்கவில்லை. நாமும் அக்குழுவில் இருந்தோம்.

இனி நம் குற்றத்தைச் சொல்கிறோம். ஊடகங்களைச் சாடிவிட்டு நழுவிப்போவது எளிது.

2021 மே மாதம். தமிழகத்தில் ஒரே நாளில் நோயுற்றோர் தொகை 36,000-ஐக் கடந்த நாள்கள் அவை. ஆக்சிஜன் என்ற சொல்லைக் கேட்டாலே வயிறு கலங்கிய காலம். நம் பங்கில் மறைக்கல்வி ஆசிரியையாக இருந்த ஓர் இளம்பெண் எட்டாம் மாதத்தில் இருந்தாள். அவளுடைய தந்தை மருத்துவமனையில் இறந்தார். பிரசவம் முடியும் வரை அவளிடம் சொல்வதில்லை என்று வீட்டார் முடிவு செய்தார்கள். அப்பாவுக்குப் பேச முடியவில்லை, முகத்தில் குழாய் வைத்திருக்கிறார்கள் என்று சொல்லி வைத்தார்கள். அவள் கைப்பேசியை மட்டும் யாரும் வாங்கி வைக்கவில்லை. இரவு ஒன்பதே முக்கால் மணிக்கு நம் அன்பியக் குழுவில் ஒரு சுவரொட்டி வந்தது. மேலே சிலுவை, நடுவில் அவள் தந்தையின் படம், கீழே கண்ணீர் அஞ்சலி. அரை மணி நேரத்தில் கும்பிடும் கைகள் நாற்பது. அவளும் அந்தக் குழுவில் இருக்கிறாள் என்பது ஒருவருக்கும் நினைவில்லை. அந்தச் சுவரொட்டியை அனுப்பலாமா என்று நம்மிடம் கேட்டார்கள். அன்று அது நான்காவது சாவு. "அனுப்புங்கள்" என்று சொன்னவர் நாமே.

மூன்றாம் நாள் அவளுக்கு வலி கண்டது. குழந்தை ஐந்து வாரம் முந்திப் பிறந்தது, சில நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது, பிழைத்தது. காரணம் இன்னதுதான் என்று மருத்துவர் சொல்லவில்லை. நாமும் சொல்ல மாட்டோம். ஆனால் அதன்பின் பல மாதம் அந்தத் தாய் குழந்தையின் முகத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை என்பதை அறிவோம். "செபமாலை சொல், எல்லாம் சரியாகிவிடும்" என்று அவளிடம் சொன்னவர்கள் பலர்; அவர்களுள் குருக்களும் உண்டு. செபமாலை சொல்லட்டும். ஆயினும் கால் முறிந்தவளை நாம் செபமாலையோடு மட்டும் வீட்டுக்கு அனுப்புவதில்லையே? மகப்பேற்றுக்குப் பின்வரும் மனச்சோர்வு ஒரு நோய். அதற்கு மருத்துவம் உண்டு. மனநல உதவிக்கென்று 14416 என்ற எண் 2022 அக்டோபர் முதல் நாடெங்கும் இயங்குகிறது. ஆலய அறிவிப்புப் பலகையில் திருமண ஓலைக்குப் பக்கத்தில் அந்த எண்ணை ஒட்டி வைத்த பங்குகள் எத்தனை?

பழைய ஏற்பாட்டில் ஒரு கர்ப்பிணியின் கதை இருக்கிறது. மறையுரைகளில் நாம் அதிகம் தொடாத கதை (1 சாமு 4). போர்க்களத்திலிருந்து பென்யமின் குலத்தான் ஒருவன் கிழிந்த ஆடையோடும் தலையில் புழுதியோடும் ஓடி வருகிறான். செய்தி கேட்டு நகரமே ஓலமிடுகிறது. இஸ்ரயேல் தோற்றது, பலர் மடிந்தனர், ஏலியின் மைந்தர் இருவரும் இறந்தனர், உடன்படிக்கைப் பேழை பிடிபட்டது. முதியவர் ஏலி இருக்கையிலிருந்து பின்புறம் சாய்ந்து விழுந்து கழுத்து முறிந்து இறக்கிறார். அவருடைய மருமகள், பினகாசின் மனைவி, நிறைமாதக் கர்ப்பிணி. பேழை போனது, மாமனார் இறந்தார், கணவன் இறந்தான் என்று கேட்டதும் வலி கண்டு மடங்கி விழுகிறாள். சுற்றி நின்ற பெண்கள் மகன் பிறந்திருக்கிறான் என்று சொல்லித் தேற்றுகிறார்கள், அவள் செவிகொடுக்கவில்லை. மாட்சி அகன்றது என்ற பொருளில் மகனுக்குப் பெயர் வைத்துவிட்டு உயிர் விடுகிறாள்.

அந்தப் பென்யமின் குலத்தான் ஒரு பொய்யும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அவன் சொன்ன நான்கும் உண்மை. ஏலியின் மருமகளிடம் போய்ச் சொன்னது யார் என்று திருநூல் எழுதவில்லை. அவனே சொன்னானோ, பக்கத்து வீட்டார் சொன்னார்களோ, தெருவின் ஓலமே சொன்னதோ? அந்த இடம் வெறுமையாக இருக்கிறது. 2021 மே மாதத்தின் பேரால் நம் பெயரை அங்கே எழுதிக்கொள்ளலாம்.

அப்படியானால் முன்னோர் செய்ததுபோல் மறைத்துவிடுவதுதான் வழியா? பிள்ளைத்தாய்ச்சியின் காதில் துக்கம் விழக்கூடாது என்பது நம் வீடுகளின் பழைய சட்டம். அதில் அன்பு இருந்தது, ஒத்துக்கொள்கிறோம். ஆனால் கதவை மூடினால் செய்தி நின்றுவிடும் காலத்தில் பிறந்த சட்டம் அது. அது மட்டுமன்று. அந்த ஆசிரியை பின்னொரு நாள் நம்மிடம் சொன்னாள்: "மறைத்ததற்காகக்கூட நான் அழவில்லை, ஃபாதர். என் அப்பா செத்தது எனக்கு முன்னால் நாற்பது பேருக்குத் தெரிந்திருந்தது. அதற்குத்தான் அழுதேன்." தாயாகப் போகிறவளைச் சிறுபிள்ளையாக நடத்த நமக்கு உரிமையில்லை. அவளுக்கு உண்மை தெரிய வேண்டும். யார் வாயால், எந்த வேளையில், எந்த அளவில் என்பதுதான் கேள்வி.

நாசரேத்துக்கு வந்த தூதரைப் பாருங்கள் (லூக் 1). அவர் கொண்டுவந்ததும் நடுங்க வைக்கும் செய்திதான். மரியா கலங்கினார். தூதர் முதலில் அச்சத்தைத் தணித்தார். பின்னர் செய்தியைச் சொன்னார். மரியா ஒரு கேள்வி கேட்டார். நின்று பதில் சொன்னார். கையால் தொட்டறியக்கூடிய ஓர் அடையாளத்தையும் தந்தார்: உறவினள் எலிசபெத்துக்கு ஆறாம் மாதம். மரியா தம் பதிலைச் சொல்லும் வரை அவர் போகவில்லை. அதன் பிறகு கருவுற்ற பெண் ஒருத்தி இன்னொரு கருவுற்ற பெண்ணைத் தேடி மலைநாட்டுக்குப் போகிறாள். இருவரும் மூன்று மாதம் ஒருவருக்கொருவர் துணை. நம் வாட்ஸ்அப் தூதர்கள் கேள்விக்கு நிற்பதில்லை. கும்பிடும் கையைப் போட்டுவிட்டு அடுத்த குழுவுக்குப் போய்விடுகிறார்கள்.

ஆகவே நம் அன்பியப் பொறுப்பாளர்களிடம் சண்டைக்கு நிற்கிறோம். நம்மோடு மனம் கசந்தவர்களும் உண்டு. சாவுச் செய்தியைக் குழுவில் போடாதீர்கள் என்றோம். "அடக்கத்துக்கு எப்படி ஆள் வரும்?" என்றார்கள். கோவில் மணி அடித்து ஆள் வரவில்லையா? வீட்டாரைக் கேளுங்கள், அவர்கள் சம்மதித்த பின், சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிட்ட பின் போடுங்கள் என்ற அளவில் இப்போது ஓர் உடன்பாடு. நோய் பற்றிய எந்தத் தகவலும் பங்கிலுள்ள மருத்துவரோ செவிலியரோ பார்க்காமல் குழுவில் வரக்கூடாது என்றோம்; இதற்கு இன்னும் முணுமுணுப்பு இருக்கிறது. மரியாயின் சேனையார் இருவர் இருவராக வீடு சந்திக்கும் பழக்கமுடையவர்கள். கருவுற்றவள் இருக்கும் வீட்டுக்கு அவர்களே நம் செய்தியாளராக இருக்கட்டும் என்று கேட்டோம். கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டுப் போகச் சொன்னோம். போகிறார்கள். நான்கு வீடுகளில் தொலைக்காட்சி மாலையில் அணைந்திருக்கிறது என்று வந்து சொன்னார்கள். நான்குதான்.

அன்றைக்கு 'மந்தை எதிர்ப்பாற்றல்' என்று ஒரு சொல் எல்லார் வாயிலும் புரண்டது. நம் ஊரின் பெயரிலேயே மந்தை இருக்கிறது. மயிலையின் மாடுகள் மேய்ந்த வெளி இது என்பர். மந்தையில் சினையாடு பின்தங்கும் என்பது மேய்ப்பவனுக்குத் தெரியும்; அதற்காக அவன் நடையைக் குறைப்பான். நாம் குறைக்கவில்லை.

இந்த ஜனவரி இரவில் அழைத்த அந்தத் தாயிடம், பெட்டியை அணைத்துவிட்டு மருமகளிடம் பேச்சுக் கொடுக்கச் சொன்னோம். மறுநாள் காலை அதே அருள்சகோதரி அவர்கள் வீட்டுக்குப் போனார். மறைக்கல்வி ஆசிரியையின் குழந்தை இப்போது மழலையர் பள்ளிக்குப் போகிறது; ஞாயிறுதோறும் முதல் வரிசையில் அமர்ந்து காலை ஆட்டிக்கொண்டிருக்கிறது. தாய் மறுபடியும் வகுப்பெடுக்கிறாள். அன்பியக் குழுவில் மட்டும் அவள் திரும்பச் சேரவில்லை. நாமும் அழைக்கவில்லை.